முஸ் நிஹ்ட்டும் டார்ஃப் நிஹ்ட்டும்

ஜெர்மன் படிக்க ஆரம்பிச்சு மோடல் வெர்ப்ஸ்கிட்ட (முடியும், செய்யணும், செய்யலாம் மாதிரி அர்த்தம் தர்ற துணை வினைகள்) வந்து நிக்கிறேன், கோன்னென், முஸ்ஸென், டுர்ஃபென், ஸொல்லென், வொல்லென், மோகென்னு மொத்தம் 6 தான், ஆனா இது வந்ததும் நிஜமாவே பேச வருது, அதுதான் அவ்ளோ சந்தோஷம்.

மோடல் ரெண்டாவது இடத்துல உக்காந்துக்கும், மெயின் வெர்ப் மாறாம கடைசிக்குப் போயிடும். "இஹ் முஸ் ஹொய்ட்டெ ஆர்பைட்டென்", நான் இன்னிக்கு வேலை செய்யணும். இதையே "வைல்" போட்டு காரணமா சொன்னா "வைல் இஹ் ஹொய்ட்டெ ஆர்பைட்டென் முஸ்", அப்படியே நம்ம "வேலை செய்யணும்" வரிசை! இத கவனிச்சப்புறம் எனக்கு பயமே போயிடுச்சு.

நான் ரொம்ப நாள் தப்பா புரிஞ்சிக்கிட்டது "முஸ் நிஹ்ட்". "டு முஸ்ட் நிஹ்ட் கொம்மென்"னா வரக்கூடாதுன்னு இல்லீங்க, வரணும்னு அவசியமில்லன்னு அர்த்தம், வரக்கூடாதுன்னு சொல்ல "டு டார்ஃப்ஸ்ட் நிஹ்ட் கொம்மென்". இங்கிலீஷ் "must not" வழியா யோசிச்சா இதுல கண்டிப்பா மாட்டிப்போம், தமிழ்ல யோசிங்க, "வர வேண்டியதில்ல", "வரக்கூடாது"ன்னு ரெண்டும் தனித்தனியா நம்மகிட்டயே இருக்கு.

அப்புறம் "இஹ் வில்"னா "எனக்கு வேணும்", இங்கிலீஷ் "will" மாதிரி எதிர்காலம் இல்ல. யார்கிட்டயாவது கேக்கறப்போ "இஹ் மோஹ்டெ"ன்னு கேளுங்க, அதுதான் மரியாதை.