ரீச்சரின் தலையில் பேன் இருக்கவில்லை

எங்கள் பள்ளி விடுதி ரீச்சர் காலமான செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்த இரவு, ரொறன்ரோவில் இருந்தும் மெல்பேணில் இருந்தும் ஒஸ்லோவில் இருந்தும் எங்களோடு விடுதியில் இருந்த பிள்ளைகள் விடியும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்திக்குச் சோதனைக் காலத்தில் தன்னுடைய விளக்கைக் கொடுத்துவிட்டு ரீச்சர் இருட்டில் இருந்திருக்கிறார். இன்னொருத்தியின் தகப்பன் வெறியில் விடுதி வாசலில் வந்து சத்தம் போட்டபோது, அவரைக் கதிரையில் இருத்தி, பிளேன்ரீ கொடுத்து, வெறி முறியும்வரை பக்கத்தில் இருந்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ஒரே விடுதியில் ஒன்றாகப் படுத்து எழும்பிய எங்களில் ஒருத்திக்கும் மற்றவளுடைய கதை தெரியாது. ரீச்சர் யாருக்கு எதைச் செய்தாலும் அது அந்த ஒருத்தியோடு நின்றுவிடும்படி பார்த்துக்கொண்டார்.

எங்கள் பழைய மாணவிகள் சங்கத்தின் மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது கிறிஸ்தவ சேவை பற்றி ஒரு கட்டுரை. நான் கண்ணால் கண்ட கிறிஸ்தவ சேவை ரீச்சர்தான். அதனால் அவரைப் பற்றியே எழுதுகிறேன்.

1990 ஆகஸ்டில், சண்டைக்குப் பயந்து, தீவுப்பகுதியில் உள்ள எங்கள் ஊர்காவற்றுறையை விட்டு ஓடிவந்தோம். அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் கரண்ட் போய்விட்டது. சவுக்காரம், மண்ணெண்ணெய், பற்றரி என்று எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட விளக்கில் படித்ததும், பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அகதியாகக் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலுமாகப் படுத்து எழும்பி, கடைசியில் அம்மா என்னை விடுதியில் கொண்டுவந்து விட்டபோது, என்னுடைய தலை முழுக்கப் பேன். ஈர் வெள்ளையாகத் தெரிந்தது.

முதல் கிழமையே பிள்ளைகள் பாயைத் தள்ளிப் போட்டார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகள்தானே. ஆனால் இரவு ஜெபத்துக்கு முழந்தாளில் நிற்கும்போது எனக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விழும். ஒரு நாள் கிணற்றடியில் ஒருத்தி, "தீவாள், உன்ரை வாளியைத் தள்ளி வை, பேன் வந்திடும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். நான் வாளியை வைத்துவிட்டுக் குளிக்காமல் திரும்பிவிட்டேன்.

யார் சொன்னார்களோ தெரியாது. அடுத்த நாள் பின்னேரம், படிப்பு மணிக்கு முன்னால், எல்லோரும் விறாந்தையில் இருக்கிற நேரம் பார்த்து ரீச்சர் வந்தார். கையில் பேன் சீப்பும் ஒரு வெள்ளைத் துணியும். வந்தவர் என்னைக் கூப்பிட்டுத் தலையைக் காட்டச் சொல்வார் என்றுதான் நினைத்தேன், பயத்தில் கை குளிர்ந்துபோய்விட்டது. அவர் எனக்கு முன்னால் படியில் இருந்து, கொண்டையைக் குலைத்துவிட்டு, சீப்பை என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, எனக்கு ரெண்டு நாளாக் கடி தாங்கேலாமல் கிடக்கு. ஒருக்கால் வடிவாப் பார்."

அந்தத் தலைமயிரை இப்போதும் என் விரலில் உணர்கிறேன். நெற்றிப் பக்கம் நரை. உச்சியில் கொஞ்சம் ஐது. தேங்காயெண்ணெயும் அவிச்ச நெல்லும் கலந்த ஒரு மணம். பகிர்ந்து பகிர்ந்து பார்த்தேன், காதுக்குப் பின்னால் பார்த்தேன், பிடரியில் பார்த்தேன். சீப்பை இழுத்துத் துணியில் தட்டினால் ஒன்றும் விழவில்லை. ஒரு ஈர்கூட இல்லை. "இல்லை ரீச்சர்" என்றேன். "வடிவாப் பார்" என்றார். விறாந்தை முழுக்கச் சத்தமில்லை. வகுப்பில் எல்லோரும் பயப்படுகிற ஒரு மனுசி, பாயைத் தள்ளிப் போடவைத்த என்னுடைய கைக்குள் தன் தலையைத் தந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். அப்புறம் எழும்பிக் கொண்டை போட்டுக்கொண்டு, "சரி, இனி உன்ரை முறை. இங்காலை திரும்பு" என்றார். என்னுடைய தலையைப் பார்த்து முடிந்ததும் அடுத்தவளைக் கூப்பிட்டார், பிறகு அதற்கடுத்தவளை. அன்றைக்குப் பார்த்தால் முக்கால்வாசிப் பேருக்குப் பேன். வேப்பெண்ணெய்ப் போத்தல் கை மாறிக் கை மாறிப் போனது. பாய்கள் அதற்குப் பிறகு கிட்டக் கிட்ட வந்துவிட்டன.

அவர் அதைப் பற்றி எதையும் பேசவில்லை. அடுத்த வேதபாட வகுப்பில் வசனமும் எடுக்கவில்லை. வெகு நாள் கழித்து, பெரிய வியாழன் கிழமை என்று நினைக்கிறேன், யோவான் 13 ஆம் அதிகாரம் படிப்பித்தபோதுதான் கேட்டார்: ஆண்டவர் காலைக் கழுவ வந்தபோது பேதுரு ஏன் மாட்டன் என்டவன்? மரியாதையிலை ரீச்சர் என்றோம். "அதுவும்தான். ஆனா வாங்கிறது குடுக்கிறதைவிடக் கஷ்டம், பிள்ளையள். அது தெரியாதவை ஆருக்கும் ஒண்டும் குடுக்கக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

விடுதிக் குசினியில் பிடியரிசிப் பானை ஒன்று இருந்தது நினைவிருக்கிறதா? உலைக்கு அரிசி போடுமுன் ஒரு பிடி அதற்குள் போகும். தடைக் காலத்தில் எங்களுக்கே சோறு அளவாகத்தான், அப்போதும் அந்தப் பிடி நிற்கவில்லை. அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று கேட்டால் சமையல் அக்கா, "அது உங்கடை வேலையில்லை" என்பார். ரீச்சர் சொல்லிக்கொடுத்திருப்பார். வெள்ளிக்கிழமைகளில் சைவப் பிள்ளைகளுக்கு மச்சச்சட்டி படாமல் தனிப் பானையில் மரக்கறி. நான் கத்தோலிக்கப் பிள்ளை, எனக்குச் செபமாலை வைத்திருக்க அனுமதி. யாரையும் தன் சபைக்கு இழுத்ததாக நான் காணவில்லை.

அவர் அடிக்கடி சொன்ன கதை எலைசா அக்னியூ அம்மையாருடையது. 1840 இல் அமெரிக்க மிஷனுக்காகக் கப்பலில் வந்து, உடுவிலில் பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்கூடத்தை ஏறத்தாழ நாற்பது வருடம் நடத்தி, 1883 இல் மானிப்பாயில் கண்மூடும்வரை ஒரு தடவைகூட அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகாதவர். ஆயிரம் பெண்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். பிரசங்கத்தில் எல்லாரும் அந்த ஆயிரத்தைத்தான் சொல்வார்கள். ரீச்சர் சொல்வது வேறு: படித்து முடித்துக் கலியாணம் கட்டிப்போன பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் அவர்களைப் பார்த்துவருவாராம். எங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அந்த வழக்கத்தில்தான். பாட்டுப் பாட வேண்டாம், ஜெபமும் வேண்டாம், வருத்தக்காரருக்குக் கால் மாட்டில் இருந்து கதையுங்கோ, அவை சொல்லுறதைக் கேளுங்கோ என்பார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், சண்டைக்குத் தப்பி வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது ரீச்சர் தன் சைக்கிளில் ஒரு வயோதிபரை இருத்தி உருட்டிக்கொண்டு போனதை நாவற்குழிப் பாலத்தில் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர் பிறகு ஊர் திரும்பினார். நான் கொழும்பு வந்து, அங்கிருந்து லண்டன். ரீச்சருடைய சகோதரங்கள் எல்லாம் கனடாவில். கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை. அக்னியூ அம்மையார் வந்த இடத்தில் நின்றுவிட்டார், ரீச்சர் பிறந்த இடத்தில் நின்றுவிட்டார். நாங்கள் எல்லோரும் புறப்பட்டுவிட்டோம். போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்போம் என்பது தெரிந்தே இதைச் சொல்கிறேன், ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

நான் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு நாளும் வெள்ளைக்காரக் கிழவிகளின் தலை தோய்த்து, துடைத்து, வாரிவிடுகிறேன். தொடுமுன் அவர்களிடம் ஏதாவது ஒரு உதவி கேட்பேன்: இந்தச் சீப்பைப் பிடியுங்கள், இந்தத் துவாய் போதுமா பாருங்கள். இதை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித் தரவில்லை. ரீச்சர் கடைசி இரண்டு வருடமும் பாயோடு கிடந்தார். அயல்வீட்டுப் பிள்ளை ஒருத்தி அவருக்குத் தலை இழுத்துக் கட்டிவிட்டாளாம். அது என்னுடைய கை செய்திருக்க வேண்டிய வேலை.

இப்போது சங்கம் அவர் பெயரில் ஒரு கல்வெட்டுப் பதிக்கலாம் என்று யோசிக்கிறது. என் கருத்தை எழுதிவிடுகிறேன். அந்தக் காசில் விடுதிப் பிள்ளைகளுக்குச் சவுக்காரம், பேன் மருந்து, மாதவிடாய்த் துவாய், உள்ளுடுப்பு வாங்கிக் குசினி அக்காவிடமோ மேற்றனிடமோ கொடுத்துவிடுவோம். யாருக்கு எது தேவை என்பது அவர்களுக்குத் தெரியும், எங்களுக்குப் பெயர்ப் பட்டியல் வேண்டாம். முக்கியமாக, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பொதியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து முகநூலில் போடுவதை ரீச்சர் பெயரில் செய்யாதீர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதை முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும், அந்த விறாந்தையில் இருந்தவர்கள் யாராவது கை தூக்குங்கள்.