குடி முந்தியதா, சோர்வு முந்தியதா

போதை சிகிச்சைப் பிரிவில் மருத்துவ உளவியலாளராக இருப்பதால், இந்தக் கேள்வி என்னை விடுவதே இல்லை. எதிரே இருப்பவர் குடிக்கிறார். தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்கிறார். இது குடியால் வந்த சோர்வா, தனியாக நிற்கும் மனச்சோர்வு நோயா?

இதற்கு நான் நம்புவது ஸ்கிட் என்கிற கட்டமைக்கப்பட்ட நேர்காணலை. மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்-5 வரையறைகளை ஒட்டிய கேள்விகள் அதில் வரிசையாக இருக்கும். குடி நோயாகிவிட்டதா என்று பார்க்க 11 அளவுகோல்கள், அதாவது அடையாளங்கள். 12 மாத காலத்துக்குள் இரண்டு பொருந்தினாலே நோய்தான். ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையானது.

இயந்திரம் மாதிரி கேட்கிறீர்கள் என்று சிலர் குறைபடுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. "ஆமாம்" என்ற பதிலை அப்படியே குறித்துக்கொள்வது அல்ல இந்த வேலை. "எப்போது, எப்படி, ஒரு உதாரணம் சொல்லுங்கள்" என்று கேட்டு, அளவுகோல் பொருந்துகிறதா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம், ஆளைப் பார்த்து "இவரிடம் இதைக் கேட்க வேண்டாம்" என்று நாமே விட்டுவிடுவதற்கும் இங்கே இடமில்லை. தூக்க மாத்திரை பற்றி முதியவரிடமும் கேட்டாக வேண்டும். அவர் மருத்துவர் சொன்னபடியே சாப்பிடுகிறார் என்றால், அதே பலனுக்கு அதிக அளவு தேவைப்படுவதையும் நிறுத்தினால் வரும் தொந்தரவையும் அளவுகோல் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் மட்டும் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் முதலில் பேசுவேன்.

அதிக நேரம் எடுப்பது காலவரிசைதான். தேதி யாருக்கும் நினைவிருக்காது. கல்யாணம், குழந்தை பிறந்தது, வேலை போனது என்று ஒரு தாளில் கோடு போட்டுக் குறிப்போம். குடி எங்கே கூடியது, மனம் எங்கே விழுந்தது என்று அதே கோட்டில் அவரே காட்டுவார். "குடிக்காமல் இருந்த மாதங்கள் உண்டா? அப்போது மனசு எப்படி இருந்தது?" குடியால் வந்த சோர்வு, நிறுத்திய ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். குடிக்கு முன்பே இருந்தாலோ, விட்டு ஒரு மாதம் கடந்த பிறகும் நீடித்தாலோ அது தனி நோய்; அதற்கும் சிகிச்சை தர வேண்டும். "முதலில் குடியை விடுங்கள், பிறகு பார்ப்போம்" என்று அவரைத் திருப்பி அனுப்புவது அநியாயம்.

குடிக்காத காலமே இல்லாதவர்களும் உண்டு. அவர்களுக்குத் தற்காலிக முடிவு என்றே எழுதுகிறேன். குடியை நிறுத்தி நான்கு வாரம் ஆனபின் மறுபடி உட்கார்ந்து கேட்கிறேன்.