ஊற்றுப்பேனாவை யாரும் தேடவில்லை

பேனாக்களைப் பற்றி வலைப்பதிவு எழுத ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. மொத்தம் நாற்பத்தோரு இடுகைகள். ஒரு நாளைக்கு வருபவர்கள் நான்கு பேர். அந்த நான்கில் இரண்டு நானேதான், கணினியில் ஒரு முறை, கைப்பேசியில் ஒரு முறை. தேடுபொறி வழியாக ஆள் வரவைக்க முடியுமா என்று மூன்று மாதம் முயன்று பார்ப்பது என முடிவு செய்தேன். விளம்பரம் கிடையாது, நண்பர்களுக்கு இணைப்பு அனுப்பி நச்சரிப்பதும் கிடையாது.

முதல் வாரம்

பழைய ஞாபகத்தில் வலைப்பதிவுகளுக்கான தேடுபொறிகளைத் தேடிப் போனேன். ஒரு காலத்தில் அது தனி உலகம். 2002-இல் டெக்னோரட்டி வந்தது, 2005-இல் கூகுளும் வலைப்பதிவுகளுக்கென்று தனித் தேடல் திறந்தது. இடுகை போட்ட கையோடு ஒரு பிங் தட்டிவிட்டால் போதும், புதுச் சரக்கு வந்திருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிந்துவிடும். இப்போது போய்ப் பார்த்தால் கடை காலி. டெக்னோரட்டி 2014-இலேயே வலைப்பதிவுகளைப் பட்டியலிடுவதை விட்டுவிட்டது. கூகுளின் தனித் தேடலும் இல்லை.

என் தளம் ஓடும் மென்பொருளான வேர்ட்பிரஸில், ஒரே பிங்கைப் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பும் பிங்-ஓ-மேட்டிக் சேவையின் முகவரி மட்டும் இன்னமும் தானாகவே நிரப்பப்பட்டு வருகிறது. அது போதாதென்று எங்கேயோ கிடைத்த நீளமான பிங் பட்டியல் ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முகவரியாகத் திறந்து பார்த்தபோது பெரும்பாலானவற்றிலிருந்து பதிலே இல்லை. ஒரு மாலை வீண். பட்டியலை அழித்துவிட்டேன்.

புதிதாக வந்தவற்றில் மார்ஜினாலியா என்ற தேடுபொறி பிடித்திருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் குறைந்த, எழுத்து நிறைந்த சின்னத் தளங்களை முன்னால் நிறுத்துகிறது. பொழுது போவதே தெரியவில்லை. ஆனால் தமிழில் பேனா பற்றித் தேடுகிறவர் அங்கே போய்த் தேடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே பொதுத் தேடுபொறிகளேதான் கதி.

இரண்டாம் வாரம்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கூகுளில் 'சைட்' என்று போட்டு, முக்காற்புள்ளி வைத்து, என் தள முகவரியைத் தட்டினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. வேர்ட்பிரஸ் அமைப்புகளில் 'வாசிப்பு' பகுதிக்குள் போனால், தேடுபொறிகள் வரவேண்டாம் என்ற பெட்டியில் ஒரு டிக். தளம் தயாராகும்வரை யார் கண்ணிலும் படக்கூடாது என்று முதல் நாள் நானே போட்டது. அந்த டிக் இருந்தால் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் 'நோஇண்டெக்ஸ்' என்ற கட்டளை உட்கார்ந்துவிடும். ஒன்றரை வருடமாக வாசலில் 'வராதே' என்று எழுதி வைத்துவிட்டு, யாரும் வரவில்லையே என்று உள்ளே உட்கார்ந்து புலம்பியிருக்கிறேன்.

டிக்கை எடுத்தேன். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் தளத்தைப் பதிந்து, சைட்மேப் (தளத்துப் பக்கங்களின் பட்டியல்) முகவரியைக் கொடுத்தேன். வேர்ட்பிரஸ் 5.5 முதல், அதாவது 2020 முதல், சைட்மேப் தானாகவே உருவாகிறது. தனிச் செருகுநிரல் தேவையில்லை. முன்பெல்லாம் சைட்மேப் மாறியதைக் கூகுளுக்கும் பிங் செய்து சொல்லலாம். 2023-இல் அதை நிறுத்திவிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறிக்கு (பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல) இண்டெக்ஸ்நவ் இருக்கிறது. 2021-இல் வந்தது. தளம் நம்முடையதுதான் என்று காட்டும் ஒரு சாவிக் கோப்பைத் தளத்தில் வைத்துவிட்டு, புது இடுகையின் முகவரியை அனுப்பினால் போதும்; ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸ் போன்ற மற்ற உறுப்பினர்களுக்கும் செய்தி போய்விடும். கூகுள் இதில் சேரவில்லை. பழைய பிங்குக்கு வாரிசு என்று சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

மூன்று முதல் ஐந்து

காத்திருந்தேன். பக்கங்கள் ஒவ்வொன்றாக ஏறின. வருகை ஏறவில்லை.

ஆறாம் வாரம்

சர்ச் கன்சோலில் தேடல் சொற்கள் தெரிய ஆரம்பித்தன. எல்லாம் தெரியாது. மிகச் சிலரே தேடிய சொற்களை, தேடியவர் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்று கூகுள் மறைத்துவிடும். தெரிந்த கொஞ்சமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான் எல்லா இடுகைகளிலும் 'ஊற்றுப்பேனா' என்றே எழுதியிருந்தேன். அழகான சொல். பட்டியலில் ஒரே ஒருமுறை வந்திருந்தது, அதுவும் நானே தேடிப் பார்த்ததாக இருக்கலாம். தேடியவர்கள் தட்டியது 'இங்க் பேனா'. 'இங்க் பேனா லீக்', 'பேனா மை ஒழுகுது', 'பேனா எழுத மாட்டேங்குது'. ஒருவர் இதையே ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டியிருந்தார். வாய்க்கு எப்படி வருகிறதோ விரலுக்கும் அப்படியே.

என் இடுகைத் தலைப்புகளைப் பார்த்தேன். மை கசிவைப் பற்றி விலாவாரியாக எழுதிய இடுகையின் தலைப்பு: 'விரல் நுனியில் ஒரு நீலக்கடல்'. சொட்டு மருந்துக் குழாயால் நேரடியாக மை நிரப்பும் பேனாவில் மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். பிடித்திருக்கும் கையின் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை நிப் வழியாக வெளியே தள்ளும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையும் முன்பே நிரப்பிவிடுங்கள், மரையில் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சட்டைப் பையில் நீலக் கறையோடு தேடுகிறவருக்கு வேண்டிய பதில் அத்தனையும் உண்டு. ஆனால் நீலக்கடல் என்பதைப் பார்த்து அவர் எதற்குச் சொடுக்க வேண்டும்?

தலைப்பை மாற்றினேன்: 'இங்க் பேனா லீக் ஆகிறதா? மை குறைந்ததும் ஒழுகுவது ஏன்'. முதல் பத்தி ஏதோ மழைக்கால நினைவு. அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, காரணத்தை முதல் இரண்டு வரியில் வைத்தேன். இடுகையின் முகவரியை மட்டும் தொடவில்லை. முகவரியை மாற்றினால் பழையதிலிருந்து புதியதற்கு 301 திருப்பம் போட வேண்டும், இல்லாவிட்டால் அதுவரை ஏறிய பக்கம் பிழைப் பக்கமாகிவிடும்.

இப்படிப் பதினொரு இடுகைகளுக்குத் தலைப்பு மாற்றினேன். 'ஊற்றுப்பேனா'வை உள்ளே ஓரிரு இடத்தில் விட்டுவைத்தேன். அந்தச் சொல்லை முழுதாகத் தூக்க மனம் வரவில்லை.

ஒன்பதாம் வாரம்

லீக் இடுகைக்கு ஒரே நாளில் ஏழு பேர். எழுந்து அறையைச் சுற்றி நடந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன், ஏழுதான்.

வேடிக்கை என்னவென்றால், நான் உயிரைக் கொடுத்து எழுதிய, பழைய பேனாக்களின் வரலாற்று இடுகைக்குத் தலைப்பு மாற்றியும் பயனில்லை. அதை யாரும் தேடவே இல்லை. தேவை இல்லாத இடத்தில் தேடுபொறி ஆளை உண்டாக்காது போலிருக்கிறது. அப்புறம் ஒரு யோசனை வந்தது. லீக் இடுகையின் நடுவில், மை நேரடியாக நிரப்பும் பேனாக்கள் எப்படி வந்தன என்று ஒரு வரி எழுதி, அங்கிருந்து வரலாற்றுக்கு இணைப்புக் கொடுத்தேன். வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் அந்த வழியாக உள்ளே போகிறார்கள்.

பன்னிரண்டாம் வாரம்

நாளுக்கு இருபத்தைந்து பேர் அளவில் நிற்கிறது. நான் என் வருகையை எண்ணாமல் தடுத்துவிட்டதால் இது சுத்தமான கணக்கு. பாதிக்கு மேல் அந்த ஒரே இடுகைக்கு.

தேடல் பட்டியலில் இப்போது புதிதாக 'பேனா நிப் கீறுது' என்று சிலர் வருகிறார்கள். அதற்கு என்னிடம் இடுகையே இல்லை. நிப்பின் இரண்டு நாக்குகளும் சமமாக நிற்கின்றனவா என்று உருப்பெருக்கியில் பார்ப்பதிலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறேன். தலைப்பை முதலிலேயே போட்டுவிட்டேன்: 'பேனா நிப் கீறுதா?'