அப்பாவின் விபத்தும் பெயர் மாறிய கடதாசிகளும்

அப்பாவின் மோட்டார் சைக்கிளை வான் ஒன்று அடித்தது மட்டக்களப்பு ஆரையம்பதிப் பக்கம், கல்முனை வீதியில். வயல் வட்டையில் தண்ணீர் பார்த்துவிட்டு, மண்முனைப் பாலத்தால் வந்து, பிரதான வீதியில் ஏறிக் கொஞ்சத் தூரம்தான் ஓடியிருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. ஹெல்மெட் போட்டிருந்தபடியால் உயிர் தப்பியது, ஆனாலும் தலைக்குள்ளே இரத்தக் கசிவு. ஒப்பரேஷன், தீவிர சிகிச்சைப் பிரிவு, வார்டு எல்லாம் ஒழுங்காக நடந்தன. வைத்தியர்களையும் தாதிமாரையும் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவைத் திருப்பித் தந்தவர்கள் அவர்கள்தான். எங்களை உருக்குலைத்தது கடதாசி வேலை. இன்னொரு குடும்பம் இப்படி அலையக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு பெயரில் தொடங்கியது. அப்பாவைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றியவர்களில் ஒருவருக்கு அவரை முகம் தெரியும், ஊரில் கூப்பிடும் பெயரும் தெரியும். அனுமதிக்கும்போது அதையே சொல்லியிருக்கிறார். அந்த மனிதருக்கு நாங்கள் காலம் முழுக்கக் கடமைப்பட்டவர்கள். ஆனால் ஒருவரும் பிறகு அடையாள அட்டையை வாங்கிப் பார்க்கவில்லை. அந்தப் பெயர் முதல் ஆஸ்பத்திரியின் பதிவில் ஏறியது, இரவே வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றியபோது கடிதத்தில் ஏறியது, ஸ்கேன் படத்தில் ஏறியது, கடைசியில், வீட்டுக்கு விடும்போது நோய் விபரம் எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்டிலும் ஏறிவிட்டது. பொலிசாரோ லைசென்ஸைப் பார்த்து முழுப்பெயரில் முறைப்பாட்டைப் பதிந்திருந்தார்கள். ஒரே ஆள், கடதாசியில் இரண்டு பேர்.

இதனால் என்ன வரும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. வீதி விபத்தில் காயப்பட்டவரை ஜேஎம்ஓ, அதாவது சட்ட வைத்திய அதிகாரி, பார்த்து அறிக்கை எழுதவேண்டும். அதற்குப் பொலிஸ் ஒரு படிவம் கொடுத்து அனுப்பும். எலும்பு முறிவு என்றால் சட்டத்தில் பாரதூரமான காயம். அது அறிக்கையில் வந்தால்தான் வான் சாரதி மீதான வழக்கு அதற்கேற்றபடி போகும், நட்டஈடு கேட்கவும் அதுதான் அத்திவாரம். எங்கள் படிவம் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறது. இந்தப் பெயரில் நோயாளி இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறது. அப்பா அதே கட்டடத்தில் கால் நிறையக் கம்பியோடு படுத்திருந்தார்.

துண்டு வெட்டி, அதாவது ஆஸ்பத்திரியில் இருந்து விடுவித்து, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் இது தெரிந்தது. ஜேஎம்ஓ பார்க்கவில்லையாம், ஆளை நேரில் கொண்டுவரட்டாம். காலைச் சுற்றி வெளியே இரும்புச் சட்டம் பூட்டியிருக்கிற மனிதரை எப்படி ஏற்றுவது? வான் ஒன்றைப் பேசி, பின் சீற்றில் குறுக்கே படுக்கவைத்து, காலுக்குக் கீழே தலையணைகளை அடுக்கி, தம்பி முழங்காலில் நின்றபடி சட்டத்தைப் பிடித்துக்கொண்டே வந்தான். வீதியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அப்பா பல்லைக் கடித்தார். போய்ச் சேர்ந்தால் இலிகிதர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சேர் இண்டைக்கு கோட்ஸுக்குப் போயிட்டார். வேற நாளைக்கு வாங்க." சட்ட வைத்திய அதிகாரிகள் சாட்சி சொல்ல நீதிமன்றம் போவது அவர்களுடைய வேலைதான், அதில் பிழையில்லை. முதல் நாள் நான் தொலைபேசியில் கேட்டபோது அதே மேசையில் இருந்துதான் "கொண்டுவாங்க" என்று சொன்னார்கள். அதை நினைக்க இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

ஆகவே முதல் காரியம் இது. உங்கள் ஆள் வார்டில் இருக்கும்போதே, அடையாள அட்டையோடு போய், கட்டிலில் தொங்கும் பைலில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே வார்டுப் பொறுப்புத் தாதியிடம் சொல்லுங்கள். வார்டில் இருக்கும்போது திருத்துவது சின்ன வேலை. துண்டு வெட்டுவதற்கு முன் "ஜேஎம்ஓ பார்த்தாச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆஸ்பத்திரி மாற்றினால் பொலிசுக்கும் அறிவியுங்கள், படிவம் பழைய இடத்திலேயே கிடக்கக்கூடும்.

நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகு திருத்தப்போனோம். பதிவறையில் கிராம சேவகரின் கடிதம் கேட்டார்கள். கொண்டுபோனால், பிரதேச செயலகத்தின் ஒப்பம் இல்லை. அது வாங்கிக்கொண்டு போனால், சத்தியக் கடதாசி வேண்டுமாம். சமாதான நீதவானிடம் முடித்துக் கொடுத்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற வசனம் அதில் இல்லையாம். கிராம சேவகர் வெளிக்களத்தில் என்றால் அந்த நாளும் போச்சு. கடைசியில் நான் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "இன்னும் என்னென்ன வேணும் என்று இதில எழுதித் தாங்க அண்ணன், அதை மட்டும் கொண்டுவாறன்" என்றேன். எழுதித் தந்தார். அதன் பிறகு புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் நாளே இதைச் செய்யுங்கள். வேலையை முடித்துத் தந்தது அங்கே புதிதாக வந்திருந்த ஒரு தங்கச்சி. அனுமதிப் பதிவேட்டில் இருந்த நேரத்தையும் பொலிஸ் பதிவில் இருந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ஒரே ஆள்தான், நான் சேரிட்ட சொல்றன்" என்றாள். அன்று திருத்திய கார்டைக் கையில் வாங்கியபோது அம்மா படியில் இருந்து அழுதுவிட்டா.

பொலிஸ் வாக்குமூலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வார்டுக்கு வந்த அலுவலர் சிங்களத்தில் எழுதிக்கொண்டு, அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார். தலைக் காயத்தோடு, நேரம் காலம் தெரியாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர். நான் விடவில்லை. வைத்தியரைக் கேட்டேன், இன்னும் சில நாள் போகட்டும் என்றார். பிறகு வந்தபோது தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னோம். அப்பா திடீரென்று வலப்பக்கம் திருப்பினார் என்று அதில் இருந்தது. அவர் நேரே போய்க்கொண்டிருந்தவர்! தமிழ் தெரிந்த இன்னோர் அலுவலர் வந்து புதிதாக எழுதினார். வடக்குக் கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் அரசியலமைப்பிலேயே சொல்கிறது. கேட்பது சண்டை அல்ல, உரிமை. விளங்காத கடதாசியில் கையெழுத்துப் போடவே வேண்டாம்.

மோட்டார் சைக்கிள் பொலிஸ் வளவில் வெயிலில் கிடந்தது. வாகனப் பரிசோதகர் பார்க்கும் வரை ஒன்றையும் தொடக்கூடாது, அது சரி. ஆனால் லீசிங் தவணை நிற்காது. மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் இருந்தது, அது எங்கள் சைக்கிளுக்கு ஒரு சதமும் தராது. தம்பியின் சம்பளம் அதற்கே போனது. வான்காரர் தரப்பில் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து, ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒரு தொகையைச் சொல்லி, சமாதானமாகப் போவோம் என்றார்கள். மாமாவுக்கு வாங்க விருப்பம். கால் பொருந்துமா, அப்பா திரும்ப வயலில் இறங்குவாரா என்று தெரியாமல் எந்தத் தொகைக்குக் கையெழுத்துப் போடுவது? மறுத்தோம். நல்ல வேளை, காலில் இன்னோர் ஒப்பரேஷன் பிறகு தேவைப்பட்டது.

வீட்டுப் பாடு வேறு. படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டவேண்டும். அம்மாவும் நானும் இரவை முறைபோட்டுப் பங்கு பிரித்தோம். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையே முன்நின்று எங்கள் வேளாண்மைக்குத் தண்ணீர் கட்டினார். தலைக் காயம் பட்டவரின் குணம் மாறக்கூடும் என்று கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லியிருந்தால் நாங்கள் இவ்வளவு பயந்திருக்க மாட்டோம். ஒருவரையும் அதட்டாத அப்பா, சோற்றுக் கோப்பையைத் தட்டிவிட்டார். விடிந்தால் "வாய்க்கால் திறந்தாச்சா?" என்பார். ஓம் என்றால் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே கேள்வி. கோபிக்காமல் திரும்பச் சொல்லுங்கள், வேறு வழி இல்லை. மாதங்கள் போகப் போகக் குறைந்தது. இப்போது வோக்கர் பிடித்து முற்றம் வரை நடக்கிறார்.

நட்டஈட்டு வழக்குக்கு விபத்து நடந்த நாளில் இருந்து இரண்டு வருடம்தான். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இதைத் தவறவிட்டவர்கள் உண்டு, ஆனபடியால் இரண்டையும் ஒன்றாகவே பாருங்கள். வழக்குப் போட முன்னரோ, போட்டு ஏழு நாளுக்குள்ளோ வானின் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் போகவேண்டும், இல்லாவிட்டால் தீர்ப்பு வந்தாலும் கம்பனி கையை விரிக்கலாம். கம்பனியின் பெயரும் காப்புறுதி இலக்கமும் பொலிஸில் இருக்கும், ஆரம்பத்திலேயே எழுதி எடுங்கள். வருமானம் குறைந்தவர்கள் மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் சட்டத்தரணி அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். தபால் ரசீதும் திருத்திய டயக்னோசிஸ் கார்டும் ஒரே பைலில் இருக்கின்றன, வழக்குப் பதியும் நாளுக்குக் காத்திருக்கிறோம்.