உக்குமா, உக்காதா? யாழ்ப்பாண வெக்கையில் 28 நாள் மூடிய போத்தல் சோதனை

பாத்திரம் கழுவும் திரவம் செய்பவர்கள் போத்தலில் ‘இலகுவில் உக்கும்’ என்று அச்சடிக்க ஆசைப்படுகிறார்கள். அந்த இரண்டு சொல்லுக்கும் ஓ.ஈ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு 1992இல் ஒழுங்குபடுத்திய 301ஆம் வழிகாட்டியில் கணக்கு இருக்கிறது. அதில் ஏ முதல் எஃப் வரை ஆறு முறைகள். காபன் அளக்கும் கருவியோ அமுக்கம் பதியும் கருவியோ கைவசம் இல்லாத இடத்தில் செய்யக்கூடியது 301 டி, அதாவது மூடிய போத்தல் முறை. கண்ணாடிப் போத்தல், அளவி (துளித்துளியாக விட்டு அளக்கும் குழாய்), வெப்பநிலையை மாறாமல் வைக்கும் குளிரூட்டும் இன்கியூபேற்றர், பொறுமை. இவை போதும்.

செய்வது இதுதான். ஒட்சிசன் நிரம்பிய நீரில் லீற்றருக்குச் சில மில்லிகிராம் பொருளையும் மிகக் கொஞ்சம் நுண்ணங்கிகளையும் விட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, இருட்டில் 22 பாகையில் வைக்கிறோம். நுண்ணங்கி பொருளைத் தின்னத் தின்ன ஒட்சிசன் குறையும். முற்றாக எரிந்தால் தேவைப்படும் ஒட்சிசனில் 60 வீதம் 28 நாளுக்குள் செலவாகியிருக்க வேண்டும். அதுவும் 10 வீதத்தைத் தாண்டிய நாளிலிருந்து பத்து நாளுக்குள். மூடிய போத்தலில் நாளுக்கு நாள் பார்க்கப் போத்தல் போதாவிட்டால் 14 நாள் வரை விட்டுக்கொடுப்பு உண்டு. ஏன் 100 இல்லை, 60 என்று எல்லாரும் கேட்பார்கள். தின்றதில் ஒரு பங்கு நுண்ணங்கியின் உடம்பாகிவிடுகிறது, அது ஒட்சிசன் கணக்கில் வராது.

எடுத்துக்காட்டுக்குச் சோடியம் லோரில் சல்பேற்று என்ற சவர்க்காரமூலத்தை எடுப்போம். 12 காபன் சங்கிலியுள்ள தூய பொருளுக்கு, ஒரு மில்லிகிராமுக்கு 2.0 மில்லிகிராம் ஒட்சிசன் வேண்டும். ஒப்பீட்டுக்கு வைக்கும் சோடியம் பென்சோயேற்றுக்கு 1.67. லீற்றருக்கு 2.5 மில்லிகிராம் லோரில் சல்பேற்று போட்டால் தேவை 5.0. 22 பாகையில் நீர் ஏற்றுக்கொள்ளும் ஒட்சிசன் லீற்றருக்கு ஏறத்தாழ 8.7 மில்லிகிராம், 30 பாகையில் 7.5 மட்டும். மேசையில் வைத்துக் காற்றூட்டிய தண்ணீரோடு யாழ்ப்பாணத்தில் சோதனையைத் தொடங்கினால், கையிருப்பில் ஏழில் ஒரு பங்கு ஆரம்பத்திலேயே போய்விடும். காற்றூட்டலையும் 22 பாகையிலேயே செய்யுங்கள்.

2.5 மில்லிகிராமைத் தராசில் நிறுக்க வேண்டாம். லீற்றருக்கு ஒரு கிராம் என்று தாய்க்கரைசல் செய்து, ஒரு லீற்றர் ஊடகத்துக்கு, அதாவது நுண்ணங்கிக்கு வேண்டிய உப்புகள் சேர்த்த நீருக்கு, 2.5 மில்லிலீற்றர் விடுங்கள்.

ஊடகம் நான்கு கரைசல்களில் வரும், ஒவ்வொன்றும் ஒரு லீற்றர். முதலாவதில் பொட்டாசியம் இருஐதரசன் பொஸ்பேற்று 8.50 கிராம், இருபொட்டாசியம் ஐதரசன் பொஸ்பேற்று 21.75, இருசோடியம் ஐதரசன் பொஸ்பேற்று (இரண்டு நீர் மூலக்கூறுடன்) 33.40, அமோனியம் குளோரைட்டு 0.50. இதன் பி.எச். 7.4 வர வேண்டும். இரண்டாவதில் நீரற்ற கல்சியம் குளோரைட்டு 27.50. மூன்றாவதில் மக்னீசியம் சல்பேற்று (ஏழு நீர் மூலக்கூறுடன்) 22.50. நான்காவதில் பெரிக்குக் குளோரைட்டு (ஆறு நீர் மூலக்கூறுடன்) 0.25. இந்த நான்காவது ஓரிரு நாளில் மஞ்சளாகக் கலங்கும், ஒரு துளி செறிந்த ஐதரோகுளோரிக்கமிலம் விட்டால் நிற்கும். நான்கிலும் ஒவ்வொரு மில்லிலீற்றரை ஒரு லீற்றர் வடித்த நீரில் சேர்ப்பதுதான் ஊடகம். 301இன் மற்ற சில முறைகளில் முதலாவது கரைசல் லீற்றருக்கு 10 மில்லிலீற்றர். குறிப்பைப் பிரதி எடுக்கும்போது அது இங்கே நுழைந்துவிடும், கவனம்.

இனி தண்ணீர். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. வடிகலத்தின் சூடாக்கியில் வெள்ளைப் படை ஏறிவிடும், அதை அடிக்கடி அமிலம் விட்டுக் கழற்ற வேண்டும். படை தடித்தால் கொதி பொங்கி உப்பு மறுபக்கம் தாவும். கடத்துதிறன் பார்த்தால் அது தெரியும். தெரியாமல் போவது காபன். கடையில் வாங்கும் பற்றரித் தண்ணியில் உப்பு இல்லை, ஆனால் அயன்மாற்றுப் பிசினிலிருந்தோ பிளாஸ்டிக் கானிலிருந்தோ இறங்கிய காபன் இருக்கலாம். நீரில் இருக்கும் கரைந்த சேதனக் காபன், சோதனைப் பொருள் தரும் காபனின் பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. 2.5 மில்லிகிராம் லோரில் சல்பேற்றில் காபன் 1.25 மில்லிகிராம்தான், அப்படியென்றால் எல்லை லீற்றருக்கு 0.125! கண்ணாடி வடிகலத்தில் வடித்து, முதலில் வரும் பங்கை ஊற்றிவிட்டு, கண்ணாடியிலேயே சேமியுங்கள். செப்புப் பாகமுள்ள பழைய வடிகலம் வேண்டாம், செம்பு நுண்ணங்கியைக் கொல்லும்.

மீன்தொட்டிக்கு விற்கும் காற்றுப் பம்பு போதும். காற்றைப் பஞ்சு வழியாக இழுத்து, ஊடகத்தை 20 நிமிடம் பலமாகக் காற்றூட்டி, 22 பாகையில் 20 மணித்தியாலம் சும்மா விடுங்கள். அந்தக் காத்திருப்பைச் சுருக்கினால் மிகையாக ஏறிய ஒட்சிசன் போத்தலுக்குள் குமிழியாக வந்து நிற்கும்.

நுண்ணங்கி கொடுக்கும் நீரை நாங்கள் விதைநீர் என்போம். வீட்டுக் கழிவுநீர் வரும் சுத்திகரிப்பு நிலையத்தின் இரண்டாம்படி வெளியேற்று நீர்தான் நல்லது. வீட்டுக்கு வீடு மலகூடக் குழி உள்ள ஊரில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வைத்தியசாலை நிலையங்களின் நீரில் கிருமிகொல்லியும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் கலந்திருக்கலாம் என்பதால் அதை விட்டுவிடுங்கள். குளத்து நீரும் ஏற்கத்தக்கது, ஆனால் பாசி பூத்த குளம் வேண்டாம். மாரியில் ஓடும்போது வழுக்கையாற்று நீரையும் எடுக்கலாம், வயலுக்கு மருந்தடித்த கையோடு மட்டும் போகாதீர்கள். கூடவே கூடாதது, திரவம் செய்பவரின் சொந்தக் கழிவுக்குழி. அங்குள்ள பற்றீரியா இதே பொருளைத் தின்று பழகியவை. பழகிய விதைநீரில் வரும் 80 வீதத்துக்கு இந்தச் சோதனையில் பெறுமதி இல்லை.

எடுத்த நீரைத் தெளியவிட்டு, கரடான வடிதாளில் வடிக்கும்போது முதல் 200 மில்லிலீற்றரை ஊற்றிவிடுங்கள். மிகுதியைக் காற்றூட்டியபடி அன்றே பாவியுங்கள். லீற்றருக்கு ஒரு துளி முதல் 5 மில்லிலீற்றர் வரை இடமுண்டு. 5இல் தொடங்க ஆசை வரும், வேண்டாம். வெற்றுப் போத்தல், அதாவது ஊடகமும் விதைநீரும் மட்டும் உள்ளது, 28 நாளில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஒட்சிசன் குடித்தால் சோதனை முழுவதும் செல்லாது. விதைநீரை ஊடகத்தில் 5 முதல் 7 நாள் காற்றூட்டி வைத்தால் அதிலிருக்கும் சொந்தச் சாப்பாடு தீர்ந்து வெற்று இறங்கும். எங்கள் அளவில் இந்த ஒரு வாரத்தை மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

வெற்றுக்கு இன்னொரு பசியும் உண்டு. ஊடகத்து அமோனியம் நைத்திரேற்றாக மாறினால் லீற்றருக்கு 0.6 மில்லிகிராம் ஒட்சிசன் அதற்கே போகும். எல்லாப் போத்தலிலும் ஒரேயளவாக நடந்தால் கழிபட்டுவிடும். சோதனைப் பொருளிலேயே நைதரசன் இருந்தால் கழிபடாது. அப்போது முடிவில் நைத்திரைற்று, நைத்திரேற்று இரண்டையும் அளந்து, ஒரு மில்லிகிராம் நைத்திரேற்று நைதரசனுக்கு 4.57 மில்லிகிராம் வீதம் திருத்த வேண்டும்.

போத்தல் கழுவச் சவர்க்காரம் தொடக்கூடாது. சோதிப்பதே சவர்க்காரம்! ஒரு வீதச் சல்பூரிக்கமிலம் ஒரு லீற்றரில் அயடீன் 2.5 கிராமும் பொட்டாசியம் அயடைட்டு 12.5 கிராமும் கரைத்து, 5 முதல் 10 மில்லிலீற்றர் விட்டுக் குலுக்கி, 15 நிமிடம் வைத்து ஊற்றி, நன்றாக அலசுங்கள். கடைசி அலசல் வடித்த நீரில்.

திறந்த போத்தலை மறுபடி மூட முடியாது. ஒவ்வொரு வாசிப்புக்கும் இரண்டு போத்தல் பலி. 0, 3, 5, 7, 10, 14, 21, 28 என்று எட்டு நாள் பார்த்தால் சோதனைப் பொருளுக்கு 16, வெற்றுக்கு 16. பென்சோயேற்றுக்கு 10, நச்சுப் பார்வைக்கு 6. மொத்தம் 48 போத்தல், 300 மில்லிலீற்றர் வீதம் 14.4 லீற்றர், வழிந்தோடுவதோடு 20 லீற்றர் ஊடகம் செய்துகொள்ளுங்கள். நச்சுப் பார்வைப் போத்தலில் பொருளும் பென்சோயேற்றும் சேர்ந்து இருக்கும். 14ஆம் நாளில் 25 வீதத்துக்குக் குறைவாக உக்கியிருந்தால் பொருள் நுண்ணங்கியை அடக்குகிறது என்று கொள்வார்கள். பென்சோயேற்று தனியே இருக்கும் போத்தலுக்கு லீற்றருக்கு 3 மில்லிகிராம் விடலாம். நச்சுப் பார்வைப் போத்தலில் 2க்கு மேல் போனால் இரண்டின் தேவையும் சேர்ந்து நீரிலுள்ள ஒட்சிசனைத் தாண்டும். எந்தப் போத்தலிலும் ஒட்சிசன் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடாது.

நிரப்பும்போது குழாய் போத்தலின் அடியைத் தொட வேண்டும். வழியவிட்டு, கழுத்தைத் தட்டிக் குமிழியை ஏற்றி, மூடியைச் சாய்த்து இறக்குங்கள்.

பிறகு கரண்ட். இன்கியூபேற்றர் இரண்டு மணித்தியாலம் நின்றால் உள்ளே வெக்கை ஏறும், சூடேறிய நீர் ஒட்சிசனைக் குமிழியாகக் கக்கும். அந்தக் குமிழிக்குள் போன ஒட்சிசன் அளவியில் வராது, நுண்ணங்கி குடித்ததுபோலக் கணக்கில் ஏறும். போத்தல்களை ரெஜிபோம் பெட்டியில் கழுத்தளவு தண்ணீரில் அடுக்கி, அந்தப் பெட்டியோடு இன்கியூபேற்றருக்குள் வையுங்கள். தண்ணீர் சூட்டை மெதுவாகத்தான் ஏற்கும், கழுத்துக்கும் நீர்ப்பூட்டு கிடைக்கும். உயர்ந்த வெப்பத்தைப் பதியும் வெப்பமானி ஒன்றும் உள்ளே கிடக்கட்டும். திறக்கும் நாளில் போத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள், குமிழி ஓடினால் அந்த வாசிப்பைச் சேர்க்காதீர்கள்.

நீரில் கரைந்த ஒட்சிசனை அளப்பது விங்கிளர் என்ற இரசாயன முறையில். மங்கனீசு சல்பேற்று 1 மில்லிலீற்றர், கார அயடைட்டு அசைட்டுக் கரைசல் 1 மில்லிலீற்றர், இரண்டும் நீர்மட்டத்துக்குக் கீழே. வீழ்படிவு கபிலமாக வந்தால் ஒட்சிசன் இருக்கிறது, வெள்ளையாகவே நின்றால் தீர்ந்துவிட்டது. படியவிட்டுச் செறிந்த சல்பூரிக்கமிலம் 1 மில்லிலீற்றர். கரைந்ததும் 201 மில்லிலீற்றர் எடுத்து 0.025 நோமல் தயோசல்பேற்றால் நியமித்தால், செலவாகும் ஒவ்வொரு மில்லிலீற்றரும் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் ஒட்சிசன். அந்த மேலதிக ஒரு மில்லிலீற்றர், முதல் இரண்டு கரைசல்களும் வெளியே தள்ளிய நீருக்கு ஈடு. தயோசல்பேற்று ஐந்து நீர் மூலக்கூறுடன் லீற்றருக்கு 6.205 கிராம். அது நாளடைவில் வலு இழக்கும், வாசிப்பு நாள் ஒவ்வொன்றிலும் பொட்டாசியம் அயடேற்றால் நியமப்படுத்துங்கள். நியமிப்பின் முடிவை நிறத்தால் காட்டும் மாப்பொருட் கரைசல் இந்த வெக்கையில் இரண்டு நாளில் புளிக்கும், அன்றன்று காய்ச்சுங்கள். மீந்த அசைட்டுக் கரைசலை அமிலம் ஊற்றிய தொட்டியில் விடாதீர்கள், நச்சு வாயு வரும்.

கணக்கை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். எல்லாப் போத்தலும் 8.6இல் தொடங்கி, 28ஆம் நாள் வெற்று 7.7, பொருள் உள்ளது 3.7 என்று வைப்போம். பொருட் போத்தல் குடித்தது 4.9, வெற்று குடித்தது 0.9, மிச்சம் 4.0. தேவை 5.0. ஆகவே 80 வீதம். அளவியில் 0.1 மில்லிலீற்றர் பிசகினால் விடையில் 2 வீதம் போய்விடும். பென்சோயேற்று 14ஆம் நாளுக்குள் 60 வீதத்தைத் தொடாவிட்டாலும், முடிவில் இரட்டைப் போத்தல்களுக்கிடையில் வித்தியாசம் 20 வீதத்தைத் தாண்டினாலும், வந்த விடையை எழுதவே வேண்டாம்.

கடைத் திரவத்தை அப்படியே போத்தலில் விட்டுச் சோதிப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. அதில் வாசனை, சாயம், கெடாமல் காக்கும் மருந்து எல்லாம் இருக்கும். முற்றாக எரியத் தேவைப்படும் ஒட்சிசனை (கோட்பாட்டுத் தேவை) சூத்திரத்திலிருந்து கணிக்க முடியாது, இரசாயனத்தால் ஒட்சியேற்றிப் பார்க்கும் இரசாயன ஒட்சிசன் தேவையை அளந்து வகுக்க வேண்டிவரும். அந்த அளவீட்டில் முற்றாக எரியாத பொருள் இருந்தால் வகுக்கும் எண் சிறுத்து, வீதம் பொய்யாக உயரும். ஒவ்வொரு சேர்மானத்தையும் தனித்தனியே பாருங்கள். நீளம் வேறுபட்ட சங்கிலிகள் கலந்த வணிகச் சவர்க்காரமூலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உக்குவதால் பத்து நாள் நிபந்தனையை அவற்றுக்குத் தளர்த்தலாம்.

60ஐத் தொடாத பொருள் உக்கவே உக்காது என்று எழுதக்கூடாது. அடுத்த படி 302ஆம் வழிகாட்டிச் சோதனைகள், அவற்றில் நுண்ணங்கி ஏராளம். தொட்ட பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. இந்தப் போத்தலில் ஒட்சிசன் இருந்தது, மலகூடக் குழியின் அடியில் அது இல்லை. துணி தோய்க்கும் தூளில் வரும் நேர்ச்சங்கிலி அல்கைல்பென்சீன் சல்பனேற்று ஒட்சிசன் உள்ள நீரில் நன்றாக உக்கும், ஒட்சிசன் இல்லாத சேற்றில் அப்படியே கிடக்கும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல் மட்டுமே இருக்கும் வளவுகளில் இதை மறைத்து ‘உக்கும்’ என்று எழுதுவது சரியல்ல. அறிக்கையில் ‘ஒட்சிசன் உள்ள நீரில்’ என்ற சொற்களோடு, விதைநீர் எடுத்த இடமும் நாளும், வெற்றின் 28 நாள் வாசிப்புகளும், கரண்ட் நின்ற நேரங்களும் இருக்கட்டும்.