அளவு ஜாக்கெட்

காலையில் வீடியோ காலில் அம்மா, தங்கையின் கூறைப்புடவையைப் பிரித்துக் காட்டினாள். அரக்கு நிறம், மாம்பழ மஞ்சள் கரை. முந்தானையைக் கேமராவுக்கு அருகில் பிடித்து, "எப்பம்மா வர்ற? உனக்கும் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கணும்" என்றாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை.

இங்கே அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம் கொடுத்தாயிற்று. நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்ப அட்வான்ஸ் பரோல் என்ற முன் அனுமதி வேண்டும். அது வருமுன் கிளம்பினால் விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எச்-1பி, எல்-1 என்ற வேலை விசாக்காரர்களுக்கு விலக்கு உண்டு. நான் படிக்க வந்த விசாவிலிருந்து விண்ணப்பித்தவள்.

ஊரில் நல்ல நாள் பார்த்துப் பயணம் குறிப்பார்கள். இங்கே என் நல்ல நாள் தபாலில் வர வேண்டும். முகூர்த்தம் அதற்காகக் காத்திருக்காதே என்பதுதான் நெஞ்சை அடைக்கிறது.

அளவு ஜாக்கெட் பீரோவில் இரண்டாம் தட்டில் இருக்கிறது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.