அப்பாவின் உள்ளங்கால் புண்ணும் வேக் மெஷினும்

அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் வந்த புண் ஆறாமல் ஆழமாகிக்கொண்டே போனது. புதுச் சிகிச்சை எதையாவது சொல்வார் என்று மருத்துவரிடம் போனால், அவர் முதலில் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்தார். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து, விடை 0.9க்குக் கீழே இருந்தால் காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய்கள் இறுகிப்போய் இந்தக் கணக்கு ஏமாற்றும் என்பதால் கால் விரலிலும் எடுத்தார். "ரத்தம் போகாத காலில் எந்த மெஷினை மாட்டியும் பிரயோஜனமில்லை" என்றார். நல்லவேளை, அப்பாவுக்கு ஓட்டம் இருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பும் தப்பித்திருந்தது.

செத்த சதையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் வேக் மெஷின், அதாவது புண்ணிலிருந்து கசிவை உறிஞ்சி எடுக்கும் மெஷின், வந்தது. புண்ணுக்குள் கறுப்பு ஸ்பாஞ்ச், மேலே காற்றுப் புகாத பிளாஸ்டிக் ஒட்டு, அதிலிருந்து ஒரு குழாய். பெரும்பாலும் 125 மி.மீ. பாதரச அளவில் உறிஞ்சும். கசியும் நீர் டப்பாவில் சேரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்பாஞ்சை மாற்ற வேண்டும். பிய்த்து எடுக்கும்போதுதான் வலி, அதனால் நர்ஸ் முன்பே சலைன் ஊற்றி ஊறவிடுவார். விரல் இடுக்கில் ஒட்டு விலகினால் போதும், அலாரம் அலறும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் மெஷின் நின்றுவிட்டால் ஸ்பாஞ்சை உள்ளே விட்டுவைக்கக் கூடாது. எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டுப் போட வேண்டும். டப்பாவில் பளிச்சென்று ரத்தம் ஏறினால் மெஷினை நிறுத்தி, கட்டைப் பிரிக்காமல் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இந்த இரண்டையும் எழுதிச் சுவரிலேயே ஒட்டிவிட்டேன்.

எனக்குப் பிடித்தது போட்டோ எடுத்து அளக்கும் முறை. புண்ணுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்டிக்கரை ஒட்டிப் படம் எடுத்தால், செயலி பரப்பளவைச் சொல்லிவிடுகிறது. நாலு வாரத்தில் பரப்பு பாதியாவது குறையாவிட்டால் வைத்தியத்தை மறுபடி யோசிக்க வேண்டும் என்பது மருத்துவர் வைத்திருக்கும் கணக்கு. வீட்டில் ஆளுக்கு ஆள் "ஆறுது", "ஆறலை" என்று சண்டை போட்டது அதோடு நின்றது. ஊதா ஒளி அடித்துக் கிருமி இருக்கும் இடத்தைச் சிவப்பாகக் காட்டும் கேமராவும் ஒருநாள் பார்த்தோம். எங்கே இன்னும் சுரண்ட வேண்டும் என்று அது காட்டியது.

மூடிய அறைக்குள் அதிக அழுத்தத்தில் ஆக்சிஜன் சுவாசிக்க வைக்கும் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டோம். தேவைப்பட்டால் பார்க்கலாம், முதலில் காலில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். முழங்கால் வரை வரும், கழற்ற முடியாத பூட் போட்டார்கள். கழற்ற முடிந்தால் அப்பா கழற்றியிருப்பார், சந்தேகமே இல்லை! என்னைக் கேட்டால், வேக் மெஷினைவிட இந்த பூட்தான் அதிகம் உதவியது.

புண் மூடிவிட்டது. ஆனாலும் இதே இடத்தில் திரும்ப வருவது சகஜம் என்பதால், இப்போது தினமும் இரண்டு பாதத்தின் சூட்டையும் தெர்மாமீட்டரில் எடுத்துக் குறித்துவைக்கிறோம். ஒரே இடத்தில் இரு கால்களுக்கும் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தால், நடப்பதைக் குறைத்துக்கொண்டு மருத்துவருக்கு போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.